ஒரே இரவில் வெள்ளையடித்த சுவர்: ஃபைவ் பாயிண்ட்ஸ் வழக்கு

பொதுச் சுவர்களில் பெயரும் படமும் வரைகிற கிராஃபிட்டி கலையா, ஊரைக் கெடுக்கும் கிறுக்கலா என்ற சண்டை ஐம்பது வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. பெரும்பாலும் பேசிப் பேசிக் களைத்துப்போய் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நியூயார்க்கில் ஒருமுறை அந்தச் சண்டை நீதிமன்றப் படியேறியது. ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற தன் கட்டடத்தின் ஓவியங்கள் மேல் ஒரே இரவில் வெள்ளையடித்த உரிமையாளர் ஒருவருக்கு 67.5 லட்சம் டாலர் செலவு வைத்துவிட்டுத்தான் இறங்கியது.

'கிராஃபிட்டியும் கலைதான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று இந்த வழக்கை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தீர்ப்பை உட்கார்ந்து படித்தால் அப்படித் தெரியவில்லை. அந்தச் சுவரில் இருந்தது கலையா என்பது அங்கே பாதிக் கேள்விதான். சுவரில் வரைய யார் யாரைக் கேட்டார்கள், அழிக்கும்போது யார் யாருக்குச் சொல்லவில்லை என்பதுதான் மீதிப் பாதி. பணம் அந்த மீதிப் பாதியில்தான் கைமாறியது.

தண்ணீர் மீட்டர் தொழிற்சாலை

மன்ஹாட்டனிலிருந்து கிளம்பும் 7-ஆம் எண் ரயில் கிழக்கு ஆற்றின் அடியில் புகுந்து குவீன்ஸ் பக்கம் வந்ததும் தரைக்கு மேலே ஏறி, உயர்ந்த தூண்களின் மேல் ஓட ஆரம்பிக்கும். லாங் ஐலண்ட் சிட்டி என்ற அந்தப் பகுதியில், தண்டவாளத்தை ஒட்டி 1892-இல் கட்டிய ஒரு தொழிற்சாலை இருந்தது. நெப்டியூன் மீட்டர் என்ற நிறுவனம் அங்கே தண்ணீர் மீட்டர் செய்துகொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்ரி வோல்காஃப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் அதை வாங்கினார். மொத்தம் சுமார் இரண்டு லட்சம் சதுர அடி. தொழிற்சாலைகள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. உள்ளே இருந்த அறைகளைப் பிற்பாடு சிற்பிகள், நகை செய்கிறவர்கள், ஓவியர்கள் என்று குறைந்த வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வெளிச்சுவர் கதை 1993-இல் தொடங்குகிறது. பாட் டிலில்லோ என்பவர் கிராஃபிட்டியை ஒழிக்க ஒரு இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். பையன்களை எத்தனை தடவை விரட்டினாலும் திரும்பி வருகிறார்கள், அனுமதியோடு ஒரு சுவர் கொடுத்தால் ஊர்ச் சுவர்களை விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. வோல்காஃபும் ஒத்துக்கொண்டார். 'ஃபன் ஃபேக்டரி' என்று பெயர் வைத்தார்கள். ஆக, பின்னாளில் உலகத்துக் கிராஃபிட்டிக்காரர்கள் எல்லாம் தேடி வந்த இடம், கிராஃபிட்டியைக் கட்டுப்படுத்தும் திட்டமாகப் பிறந்தது. இந்த வழக்கில் இருக்கும் பல வேடிக்கைகளில் இதுதான் முதலாவது.

2002-இல் பொறுப்பு ஜொனதன் கோஹன் கைக்கு வந்தது. சுவரில் அவர் போடும் பெயர் மெரெஸ் ஒன். குவீன்ஸ்காரர். நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளும் வந்து சேரும் இடம் என்பதால் 'ஃபைவ் பாயிண்ட்ஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்.

அங்கே எப்படி வரைந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கின் முடிவு அதில்தான் இருக்கிறது.

கிராஃபிட்டி உலகத்துக்குள் படிநிலை உண்டு. மார்க்கர் பேனாவால் இரண்டு நொடியில் கிறுக்கும் கையெழுத்து, டேக். இரண்டே வண்ணத்தில் சில நிமிடங்களில் ஊதித்தள்ளும் உப்பலான எழுத்து, த்ரோ-அப். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நின்று போடும் முழு ஓவியம், பீஸ். டேக்கின் மேல் த்ரோ-அப் போடலாம்; த்ரோ-அப்பின் மேல் பீஸ் போடலாம்; அதற்கு நேர்மாறாகச் செய்தால் அடிதடி. ஊரில் ஆட்கள் புகார் சொல்வது பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றி. கலை என்று ரசிகர்கள் வாதாடுவது மூன்றாவதைப் பற்றி. இரண்டு தரப்பும் வேறு வேறு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை போடுவதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஃபைவ் பாயிண்ட்ஸில் பீஸ்தான் ராஜா. முதலில் உருளைப் பிரஷ்ஷால் பழைய ஓவியத்தை மூடி அடி வண்ணம் பூச வேண்டும். அது காய்ந்ததும் மெல்லிய கோட்டில் மாதிரி உருவம். பிறகு வண்ணம் பீச்சும் ஸ்ப்ரே டப்பாவின் தலையில் அகலமான மூக்கைச் செருகி உள்ளே நிரப்புவார்கள். மூக்கை மாற்றி, மெல்லிய பீச்சலில் ஓரம் தீட்டுவார்கள். கை சுவருக்கு நெருங்கினால் கோடு கூர்மையாகும், விலகினால் புகை மாதிரிப் பரவும். நின்று நிதானித்தால் வண்ணம் வழிந்துவிடும். செங்கல் இடுக்கு, ஜன்னல் விளிம்பு, சரக்கு இறக்கும் மேடையின் இரும்புக் கதவு எல்லாவற்றையும் ஓவியத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டே செய்கிற வேலையல்ல இது.

புதிதாக வருகிறவர் தன் வேலையைக் காட்டி கோஹனிடம் அனுமதி வாங்க வேண்டும். எந்தச் சுவர், எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்வார். ரயிலிலிருந்து தெரியும் பெரிய சுவர்கள் பேரெடுத்தவர்களுக்கு. அவை நீண்ட காலம் நிற்கும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒதுக்கிய சுவர்கள் அடிக்கடி மாறும். வோல்காஃப் விதித்த நிபந்தனை ஆபாசம், மதம், அரசியல் மூன்றும் வேண்டாம் என்பது. காசு பரிமாற்றம் இல்லை. சுமார் பத்தாண்டில் 10,000-க்கு மேற்பட்ட ஓவியங்கள் அந்தச் சுவர்களில் வந்து போயின. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டார்கள், படப்பிடிப்புகள் நடந்தன. சாலைக்கு எதிர்ப்புறம் மோமா பி.எஸ்.1 என்ற நவீனக் கலை அருங்காட்சியகம். அன்றைக்கு அதற்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இதற்கு ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதுமாக இருந்தது.

எதிர்த்தரப்பின் நியாயம்

கிராஃபிட்டியால் ஊருக்குக் கேடு என்கிறவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கையில் நியூயார்க்கின் 1970-கள் இருக்கின்றன.

1971-இல் 'டாக்கி 183' என்ற பெயர் நகரமெங்கும் முளைத்திருப்பதைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 183-ஆவது தெருவில் குடியிருந்து, நகரமெங்கும் கடிதப்பை சுமந்து திரிந்த பையன் போகிற இடமெல்லாம் பெயரை எழுதிவைத்திருந்தான். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். அடுத்த வருடமே மேயர் ஜான் லிண்ட்சே கிராஃபிட்டிக்கு எதிராகப் போர் அறிவித்தார். சுரங்க ரயில் பெட்டிகளில் வெளிப்பக்கம் ஓவியம் என்றால், உட்பக்கம் ஜன்னல், வரைபடம், இருக்கை என்று பாக்கியில்லாமல் டேக். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் தனியாக வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெட்டி என்ன சொல்லும்? இங்கே கேட்பாரே இல்லை என்றுதானே. சமூகவியலாளர் நாதன் கிளேசர் 1979-இல் இதைத்தான் எழுதினார். எழுதியவன் அபாயமானவனா என்பது பயணிக்குத் தெரியாது. ஆனால் இந்த இடம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்று வருடம் கழித்து ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் முன்வைத்த, சின்ன ஒழுங்கீனத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெரிய குற்றம் வரும் என்கிற உடைந்த ஜன்னல் கோட்பாடும் இந்த வழியில்தான் போகிறது.

ரயிலில் கிராஃபிட்டியை நிறுத்திய விதம் தனிச் சுவாரசியம். 1984-இல் நகர ரயில் நிர்வாகத்தின் பொறுப்புக்கு வந்த டேவிட் கன் பையன்களைத் துரத்துவதை நம்பியிருக்கவில்லை. சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி வரைந்திருந்தால், அழித்து முடிக்கும்வரை அது தண்டவாளத்துக்கு வரக்கூடாது என்று விதி வைத்தார். வரைகிறவனுக்கு வேண்டியது தன் பெயர் ஊர் சுற்றுவது. பெட்டி ஓடாது என்றால் இரவெல்லாம் பெட்டிகளை நிறுத்தும் யார்டில் உயிரைப் பணயம் வைத்து என்ன பயன்? 1989 மே 12-ஆம் தேதி வண்ணம் பூசிய கடைசிப் பெட்டியும் சேவையிலிருந்து விலகியது.

கேடு உண்டு என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. க்ரோனிங்கன் நகரில் கீஸ் கைசரும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்டது. சைக்கிள் நிறுத்தும் ஒரு சந்து. சுவரில் 'கிராஃபிட்டி போடாதே' என்ற அறிவிப்பு. ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு துண்டுச்சீட்டைக் கட்டிவைத்தார்கள். அருகில் குப்பைத்தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் சீட்டைக் கீழே எறிந்தார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 சதவீதம். இன்னொரு சோதனையில் தபால்பெட்டியின் வாயில் ஐந்து யூரோ நோட்டு தெரிகிற உறையைத் தொங்கவிட்டார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது 13 சதவீதம் பேர் அதைத் திருடினார்கள், பெட்டியில் கிறுக்கல் இருந்தபோது 27 சதவீதம்.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆட்களை மாற்றியது சுவரில் இருந்த வண்ணம் மட்டுமா, 'போடாதே' என்ற பலகைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்களே, அதுவுமா? நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதிய சுவரில் அந்த எழுத்தையே மறைத்துக்கொண்டு போஸ்டர் ஒட்டியிருப்பதைத் தினம் பார்க்கிறோம். அதன் அடியில்தான் குப்பையும் சேர்கிறது. விதி மீறப்படுகிறது, யாரும் கேட்கவில்லை என்ற செய்திதான் கேடு செய்கிறது என்றால், கேட்டு அனுமதி வாங்கிப் போட்ட ஓவியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஃபைவ் பாயிண்ட்ஸ் வந்தபிறகு அக்கம்பக்கத்தில் குற்றம் குறைந்தது என்று பின்னால் நீதிமன்றத்தில் பேச்சு வந்தபோது எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

ஒழுங்கை நிலைநாட்டுகிறேன் என்று கிளம்பியதிலும் கேடு உண்டு. 1983 செப்டம்பரில் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கருப்பின இளைஞரை, சுரங்க ரயில் நிலையத்தில் கிறுக்கினார் என்று சொல்லிப் போலீஸ் பிடித்தது. நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரத்தில் இறந்துபோனார். வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலையானார்கள். இதையும் கணக்கில் எழுதாமல் சமூகக் கேடு பற்றிப் பேசுவது அரைக்கணக்கு.

கோபுரங்கள் வருகின்றன

2009-இல் கட்டடத்தின் வெளிப்புறப் படிக்கட்டு இடிந்து, உள்ளே வாடகைக்கு இருந்த நகைக் கலைஞர் ஒருவர் படுகாயமடைந்தார். கட்டடத் துறை தலையிட்டது. பழசாகிப்போன கட்டடம், பராமரிப்பும் போதாது. உள்ளே இருந்த கலைஞர்கள் பலர் காலி செய்ய வேண்டியதாயிற்று. வெளிச்சுவர் ஓவியங்களைப் பார்க்க வந்த கூட்டம் இதை அதிகம் கவனிக்கவில்லை.

அதற்குள் லாங் ஐலண்ட் சிட்டியே மாறிக்கொண்டிருந்தது. 2001-இல் நகராட்சி அங்கே நில வரையறையை மாற்றி உயரமான கட்டடங்களுக்கு வழிவிட்டிருந்தது. மன்ஹாட்டனுக்கு ஒரே ரயில் நிறுத்தம் தூரத்தில் இருக்கும் இடத்தைப் பணம் எத்தனை நாள் சும்மா விட்டுவைக்கும்? வோல்காஃப் 40 கோடி டாலர் திட்டத்தோடு வந்தார். 41, 47 மாடிகளில் இரண்டு குடியிருப்புக் கோபுரங்கள், சுமார் ஆயிரம் வீடுகள். விதிகள் அனுமதித்ததைவிடப் பெரிய கட்டடம் என்பதால் நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பேரம் பேசி, குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளை 75-லிருந்து 210 ஆக்கினார்கள். 2013 அக்டோபரில் மன்றம் தலையசைத்தது. சுமார் 4 கோடி டாலர் மதிப்பிருந்த இடம் இந்த ஒப்புதலால் 20 கோடிக்கு ஏறியது என்று பின்னால் நீதிமன்றம் குறித்துக்கொண்டது.

கோஹனும் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கேட்டுப் பார்த்தார்கள். நியூயார்க் சட்டப்படி அதற்கு முப்பது வருடப் பழமை வேண்டும், ஓவியங்களோ சமீபத்தவை. இடத்தை விலைக்கு வாங்கப் பணம் திரட்டப் பார்த்தார்கள்; மதிப்பு ஐந்து மடங்கானதும் அந்த நினைப்பும் போயிற்று. அந்த அக்டோபர் முழுக்க நியூயார்க் தெருக்களில் தினம் ஒன்றாக வரைந்துகொண்டிருந்த, முகம் காட்டாத பிரிட்டிஷ் தெருக்கலைஞர் பேங்ஸி, கடைசி நாள் ஒலிப்பதிவில் 'ஃபைவ் பாயிண்ட்ஸைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் நடக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரு சட்டம். காட்சிக் கலைஞர்கள் உரிமைச் சட்டம், 1990, சுருக்கமாக 'வாரா'. ஓவியத்தை விற்றுவிட்டாலும், வேறொருவர் சுவரில் இருந்தாலும், அதைச் சிதைக்கவோ அழிக்கவோ கூடாது என்று சொல்லும் உரிமை வரைந்தவருக்கு உண்டு என்கிறது அது. முழுசாக அழிப்பதைத் தடுக்க வேண்டுமானால் அது 'அங்கீகரிக்கப்பட்ட தகுதி' உள்ள படைப்பாக இருக்க வேண்டும். கட்டடத்தோடு சேர்ந்த ஓவியத்துக்குத் தனி விதி. சேதமில்லாமல் கழற்றக்கூடியது என்றால் உரிமையாளர் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; அதற்குள் கலைஞர் எடுத்துக்கொண்டு போகலாம். கழற்றவே முடியாதது என்றால், அழியக்கூடும் என்று தெரிந்தே கலைஞர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஃபைவ் பாயிண்ட்ஸில் யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. இருபது வருடம் நம்பிக்கையில் ஓடிய ஏற்பாடு.

ஒரு விஷயம். இதே நியூயார்க்கில் 1997-இல் வேறொரு வழக்கில், அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் வரைந்த ஓவியத்துக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பாகியிருந்தது. அதாவது டாக்கி 183 இந்த நீதிமன்றத்துக்குள் கால்வைத்திருக்க முடியாது. கோஹன் வைக்க முடிந்ததற்குக் காரணம் வோல்காஃப் கொடுத்த அனுமதிதான்.

நவம்பர் 19

புரூக்ளினில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஃப்ரெடரிக் பிளாக் முன் வழக்கு வந்தது. இடிக்கத் தடை கேட்டார்கள். 2013 நவம்பர் 12-ஆம் தேதி நீதிபதி தடை தர மறுத்தார். காரணங்களை விரிவாகப் பிறகு எழுதித் தருவதாகச் சொன்னார். எழுதிக்கொண்டும் இருந்தார்.

அது வெளிவருவதற்குள், நவம்பர் 19 விடிவதற்கு முன், வோல்காஃப் அமர்த்திய ஆட்கள் போலீஸ் காவலோடு வந்து எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்துவிட்டார்கள். காலையில் ரயிலில் வந்தவர்கள் பார்த்தது திட்டுத்திட்டான வெள்ளைச் சுவர். ஓவியர்களில் யாருக்கும் தகவல் இல்லை. கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடியவற்றை எடுத்துக்கொள்ளவும் விடவில்லை.

வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. மலிவான பெயிண்ட், மெல்லிய பூச்சு. உருளை எட்டிய இடத்தில் வெள்ளை, எட்டாத இடத்தில் பழைய வண்ணம். மெல்லிய வெள்ளைக்குக் கீழே முகங்களும் எழுத்துகளும் தெரிந்துகொண்டே இருந்தன. கட்டடம் இடியும்வரை பல மாதங்கள் அந்தக் கோலத்திலேயே நின்றது. முழுசாக அழித்திருந்தால்கூட ஒருவகை மரியாதை இருந்திருக்கும். தினமும் அந்த வழியாகப் போகிற ஓவியருக்குத் தன் ஓவியத்தின் மேல் பூசிய அவமானம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததை நீதிபதியும் பின்னால் தீர்ப்பில் எழுதினார்.

மறுநாள், நவம்பர் 20-ஆம் தேதி, எழுத்துபூர்வமான உத்தரவு வந்தது. சுற்றுலாத் தலம் என்பதற்காக ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற நீதிபதிக்கு அதிகாரமில்லை. ஆனால் இவை தகுதியுள்ள படைப்புகள் என்று விசாரணையில் நிரூபணமானால் உரிமையாளர் பெருந்தொகை கட்ட நேரிடும் என்பது அதன் சாரம். எச்சரிக்கை ஒரு நாள் தாமதம். அல்லது வெள்ளையடிப்பு ஒரு நாள் அவசரம்.

49 ஓவியங்கள், 21 பேர்

விசாரணை 2017 இலையுதிர்காலத்தில் மூன்று வாரம் நடந்தது. 21 கலைஞர்கள், 49 ஓவியங்கள்.

அவர்களில் லேடி பிங்க் என்று பெயர்பெற்ற சாண்ட்ரா ஃபபாராவை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்கிறேன். ஈக்வடாரில் பிறந்து குவீன்ஸில் வளர்ந்தவர். 1979-இல், பதின்ம வயதில், ரயில் பெட்டிகளில் வரையத் தொடங்கினார். ஆண்பிள்ளைகள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். லிண்ட்சே ஆரம்பித்த போரில் நகரம் யாரைத் தேடிக்கொண்டிருந்ததோ அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அருங்காட்சியகங்கள் அவர் படைப்புகளை வாங்கி வைத்தன. ஃபைவ் பாயிண்ட்ஸில் அவர் வரைந்த பச்சை நிறப் பூமித்தாய் ஓவியமும் வழக்கில் இருந்தது. ரயில் பெட்டியில் வரைந்ததும் இந்தச் சுவரில் வரைந்ததும் அதே கை, அதே டப்பா. சட்டத்தின் கண்ணில் ஒன்று குற்றம், இன்னொன்று 1,50,000 டாலர். திறமை கூடியிருக்கும்தான், ஆனால் வித்தியாசம் அதனால் வந்ததல்ல.

'அங்கீகரிக்கப்பட்ட தகுதி' என்பதை எப்படி நிரூபிப்பது? ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு கோப்பு கொண்டுவந்தார்கள். ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பு, கண்காட்சிகள், பத்திரிகைச் செய்திகள், இணையத்தில் சுற்றிய படங்கள், கலை வல்லுநரின் சாட்சியம். எதிர்த்தரப்பு வல்லுநர், கல்விப்புல ஆய்வுகளில் இவற்றைப் பற்றிப் பேச்சே இல்லையே என்றார். அவ்வளவு குறுகலான அளவுகோல் சரிப்படாது என்று நீதிபதி தள்ளிவிட்டார். இதைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது கோஹனின் தேர்வு. யாருக்கு எந்தச் சுவர் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கிய ஒருவர் இருந்ததே தரத்துக்குச் சான்று என்று எடுத்துக்கொண்டார். விசாரணையின் கடைசிக் கட்டத்தில் ஜூரியை ஆலோசனை சொல்லும் குழுவாக மட்டும் வைத்துக்கொள்ள இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. ஜூரி 36 ஓவியங்கள் விஷயத்தில் சட்டம் மீறப்பட்டதாகச் சொன்னது. நீதிபதி 45 என்றார்.

2018 பிப்ரவரி 12-ஆம் தேதி தீர்ப்பு. ஓவியங்களின் சந்தை விலையை வைத்து நஷ்டத்தை நிரூபிக்க முடியவில்லை. அந்தக் கணக்கில் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஆனால் வேண்டுமென்றே மீறினால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர்வரை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 45 ஓவியங்களுக்கும் அந்த உச்சத் தொகையை விதித்தார்.

ஏன் இவ்வளவு கடுமை? சீக்கிரம் இடிக்காவிட்டால் வரிச் சலுகையில் பெரும் தொகை போய்விடும் என்று தடை விசாரணையின்போது வோல்காஃப் சொல்லியிருந்தார். உண்மையில் இடிப்பதற்கான அனுமதிக்கே அவர் விண்ணப்பித்தது 2014 மார்ச்சில். ஓவியர்கள் ஏதாவது கலாட்டா செய்வார்கள், அதைத் தவிர்க்கத்தான் வெள்ளையடித்தேன் என்றும் சொல்லிப் பார்த்தார்; அவர்கள் எப்போதும் சட்டப்படியே நடந்தவர்கள் என்று நீதிபதி ஏற்கவில்லை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன் என்று வோல்காஃப் சாட்சிக் கூண்டில் சொன்னது வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய். அனுமதி கைக்கு வரும்வரை பத்து மாதம் பொறுத்திருந்து இடித்திருந்தால் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லியிருக்க மாட்டேன் என்று நீதிபதி வெளிப்படையாகவே எழுதிவிட்டார்.

மேல்முறையீட்டில் வோல்காஃப் தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருந்தது. கிராஃபிட்டி என்பதே இன்றைக்கு வந்து நாளைக்கு அழிவது. கோஹனே பழையதை மூடிப் புதியதை வரைய வைத்தவர். கட்டடம் ஒருநாள் போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிறகு என்ன நிரந்தரத் தகுதி? 2020 பிப்ரவரி 20-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2005-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கிறிஸ்டோவும் ழான்-க்ளோடும் நட்டுவைத்த காவித் துணி வாயில்கள் இரண்டே வாரம்தான் நின்றன, அதனால் அவை கலையில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டது. உரிமை படைப்பாளியுடையது, அவர் சம்மதத்தோடு அதன் மேல் இன்னொருவர் வரைவதும், கட்டட உரிமையாளர் மொத்தமாக வெள்ளையடிப்பதும் ஒன்றல்ல. அந்த ஜூலையில் வோல்காஃப் இறந்தார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அத்தோடு முடிந்தது.

அப்புறம்

இடித்த இடத்தில் இரண்டு கோபுரங்கள் எழுந்தன. 1,100-க்கு மேல் வீடுகள். பெயர் என்ன தெரியுமா? ஃபைவ் பாயிண்ட்ஸ்! அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய உரிமையாளர் தரப்பு 2014-இலேயே விண்ணப்பித்திருந்தது. வாடகைக்கு வருகிறவர்களை இழுக்க அந்தச் சுவரின் புகழ் வேண்டும், சுவர் மட்டும் வேண்டாம். ஊருக்குக் கேடு என்று யாராவது பேசினால் அந்தச் சொல்லை முதலில் பொருத்த எனக்குத் தோன்றும் இடம் இது. வெள்ளைச் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தபோது, சாலைப் பணி நடக்கும் இடத்தில் கட்டுவதுபோன்ற மஞ்சள் நாடாவை அதைச் சுற்றிக் கட்டினார்கள் சில தெருக்கலைஞர்கள். 'பணக்காரக் குடியேற்றம் நடந்துகொண்டிருக்கிறது' என்ற பொருளில் அதில் அச்சடித்திருந்தது.

கோஹன் குழுவினர் 2018-இல் மன்ஹாட்டனின் பவரி பகுதியில் ஒரு ஹோட்டலின் 21 மாடிப் படிக்கட்டு முழுக்க வரைந்தார்கள். ஃபைவ் பாயிண்ட்ஸில் வரைந்தவர்கள் 20 பேர் அதில் சேர்ந்தார்கள். நல்ல வேலைதான். ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வழக்கின் பாடம் கட்டட உரிமையாளர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுதிக் கையெழுத்திட்டால் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால் சுவர் தருவதற்கு முன் ஒரு தாளை நீட்டச் சொல்லி வழக்கறிஞர்கள் உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். வளர்ந்துவரும் ஓவியர் சுவர் கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். வோல்காஃப் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபமும் உண்டு என்றால் அது இதனால்தான். இருபது வருடம் காசு வாங்காமல் சுவர் கொடுத்தவர் தண்டம் கட்டினார். முதல் நாளே துரத்தியடித்த பக்கத்துக் கட்டடக்காரர் மேல் எந்த வழக்கும் வந்திருக்காது.

இரண்டு தீர்ப்புகளிலும் இடமில்லாமல் போனவர்கள் அந்தத் தெருவில் குடியிருந்தவர்களும் 7-ஆம் எண் ரயில் பயணிகளும். வாரா சட்டம் வரைந்தவருக்கு உரிமை தருகிறது. சொத்துச் சட்டம் உரிமையாளருக்குத் தருகிறது. சுவரைப் பத்து வருடம் பார்த்து வாழ்ந்தவருக்கு, அவருக்கு அது பிடித்திருந்தாலும் சரி, எரிச்சலாக இருந்தாலும் சரி, வழக்குப் போட வழியில்லை. அவர்கள் பேச முடிந்த ஒரே இடம் 2013-இல் நகர மன்றத்தின் முன் நடந்த விசாரணைகள்தான், அங்கே பேரம் 210 வீடுகளில் முடிந்தது.